மகளுக்குக் கால்நடை மருத்துவம் கிடைக்கும்போல இருக்கிறது, சேர்க்கலாமா?

சின்னாளபட்டி தறிக்காரன்:

வணக்கம். எனக்கு ஊர் சின்னாளபட்டி, தறி நெய்கிற குடும்பம். மூத்த மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். உயிரியல் எடுத்தவள், கட் ஆஃப் நன்றாக வந்திருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. சென்னை வேப்பேரிக் கல்லூரி கிடைக்காவிட்டாலும் நாமக்கல், தேனி, ஒரத்தநாடு என்று எங்காவது இடம் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

பிரச்சினை வீட்டில்தான். "எம்பிபிஎஸ் கிடைக்கலன்னா மாட்டு டாக்டரா?" என்று மச்சான் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. மாடு உதைத்துவிட்டால், நாய் கடித்துவிட்டால் என்று பயப்படுகிறாள். மகளோ இதுதான் படிப்பேன் என்று நிற்கிறாள். தெருவில் ஐந்து நாய்களுக்கு அவள்தான் தினமும் சோறு வைக்கிறாள், ஒன்றுக்குக் கால் உடைந்தபோது திண்டுக்கல் வரைக்கும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் மாட்டின் பக்கத்தில்கூட அவள் நின்றதில்லை. எங்கள் வீட்டில் மாடு கிடையாது, தறிக்குழிதான் உண்டு.

பிராணிகளைப் பிடிக்கும் என்பது இந்தப் படிப்புக்குப் போதுமா? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா? இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது மறைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை கிளினிக்:

அண்ணே, சேர்த்துவிடுங்கள். ஐந்தரை வருடப் படிப்பு, அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. என் வகுப்பிலேயே பாதிக்குப் பாதி பெண்கள்தான். படித்து முடித்தால் அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி இருக்கிறது. ஆவின், நாமக்கல் கோழிப்பண்ணைகள், வங்கி, ராணுவத்தில் குதிரை நாய்ப் பிரிவு என்று கிளை நிறைய. நான் நாய் பூனை மட்டும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாய் பிடித்தவர்களுக்கு இந்த வேலையில் கஷ்டம் நாயால் வருவதில்லை, கூட வருகிறவர்களால் வருகிறது. போன வாரம் ஒரு பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். பூனையின் ஈரலால் அதைக் கரைக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. "இவ்ளோ ஃபீஸ் வாங்குறீங்க, ஒரு பூனையக் காப்பாத்த முடியல" என்று வெளியே நின்று கத்தினார்கள். மறுநாள் கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம். அந்தப் பிள்ளை இதையும் தாங்க வேண்டியிருக்கும்.

மாட்டாஸ்பத்திரி அம்மா:

தறிக்காரத் தம்பிக்கு. நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை.

வேப்பேரியில் படித்தவள் நான். 1989இல் அரசுப் பணியில் சேர்ந்து 2024இல் இறங்கினேன். முதல் ஊர் பழைய வட ஆற்காட்டில் ஒரு கால்நடை மருந்தகம். ஒற்றை அறை, வெளியே மாட்டை நிறுத்திப் பிடிக்க இரும்புக் குழாய்த் தடுப்பு, ஒரு புளியமரம், அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரியவர் சினை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். "டாக்டர் இன்னும் வரலியாம்மா?" நான்தான் டாக்டர் என்றேன். சிரித்துவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் உதவியாளர் போய்ப் பேசி அவரைத் திரும்பக் கூட்டிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர்க்குடம் எப்போதோ உடைந்திருந்தது. ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது, தலை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. ஆட்டுக்குள் ஆம்பளைக் கை நுழைவது கஷ்டம். எனக்கோ வளையல் கடைக்காரர் சின்னப் பிள்ளைகள் அளவில்தான் எடுத்துக் கொடுப்பார். சோப்புத் தண்ணீரில் கையை நனைத்து உள்ளே விட்டு, ஆடு முக்குவதை நிறுத்தும் நேரமாகப் பார்த்துக் குட்டியைப் பின்னால் தள்ளினேன். மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு (இல்லாவிட்டால் கர்ப்பப்பை கிழியும்) நீட்டிவிட்டேன், தலையையும் நேராக்கினேன், அப்புறம் ஆடு முக்கும்போது கூடவே இழுத்தேன். இரண்டு குட்டி. முதலாவது செத்திருந்தது, இரண்டாவது பிழைத்தது. அந்த ஒரு மணி நேரம் போகாமல் இருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுவது உண்டு. பெரியவர் ஊரில் போய் "அந்தம்மாவுக்குக் கை சின்னது" என்று சொல்லிவைத்தார். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்து ஆடெல்லாம் என்னிடம்தான்.

ஆகவே பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பிடித்தால் போதுமா என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. உங்கள் மகளுக்கு நாயைப் பிடிக்கும், நாய்க்கும் அவளைப் பிடிக்கும். எங்களிடம் வருகிற மாட்டுக்கு எங்களைச் சுத்தமாகப் பிடிக்காது. அது ஒரு பக்கம். இன்னொன்று, மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். மடிநோயில் ஒரு காம்பு கல்லாகிப் போன கறவையைக் காட்டி, "டாக்டரம்மா, இதுக்கு வைத்தியம் பண்றதா, சந்தைக்கு ஓட்டறதா?" என்று கேட்பார்கள். கல்லூரியில் மருந்து சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மாடு வாங்கிய கடன் பாக்கி எவ்வளவு, வீட்டில் வேறு கறவை உண்டா, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்களா, எல்லாம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். நான் தப்பாகப் பதில் சொன்ன வீடுகளும் உண்டு.

உங்கள் வீட்டம்மா பயப்படுகிறார்களே, அதற்கு வருகிறேன். மாடு உதைக்கத்தான் செய்யும். குதிரை மாதிரி நேராகப் பின்னால் இல்லை, வளைத்துப் பக்கவாட்டில் உதைக்கும். அதனால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் விழும். ஒட்டி நின்றால் அடி குறைவு, எட்டி நின்றால்தான் எலும்பு முறியும். இதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். நாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. 1998இல் மூன்று மாதம் விட்டு விட்டுக் காய்ச்சல் எனக்கு. ராத்திரி ஜாக்கெட் நனைந்துபோகும் அளவுக்கு வேர்வை, இடுப்பில் வலி. ஓர் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றே வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் நானே இரத்தத்தைக் கொடுத்து, கன்று வீச்சு நோய்க்கு (புரூசெல்லா, மாடு குறைமாதத்தில் கன்று போடவைக்கும் தொற்று) பாருங்கள் என்று கேட்டேன். அதேதான். எட்டு மாதத்தில் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் எடுத்ததில் வந்தது. நீள உறை தீர்ந்துபோயிருந்தது, அந்த வீட்டுக்காரர் கெஞ்சினார், எடுத்துவிட்டேன். ஆறு வாரம் மாத்திரை. உறை இல்லை என்றால் உள்ளே கை விடாதே என்று உங்கள் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இல்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும். ஒரு தடவை நன்றாக மேய்ந்துகொண்டிருந்த எருது பொட்டென்று செத்துவிட்டது. தோலை உரிக்க ஆள் வந்தாயிற்று. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று பார்த்த உடனே தெரிந்தது. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டேன். கத்தி வைக்கக் கூடாது, ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்றேன். வயிற்றைத் திறந்தால் அந்தக் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், உரித்தவருக்கும் வரும். தோல் காசு போச்சு என்று என்மேல் ஊருக்கே கோபம். குழி மூடுகிற வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தேன், குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை.

நல்லதும் பார்த்தேன், சொல்லாமல் விடக் கூடாது. வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட், மாட்டுக் கொள்ளை நோய்) என்று கிழவர்கள் சொன்னால் குரல் இறங்கிவிடும், அது வந்தால் ஊரில் கட்டுத்தறியே காலியாகும். அதற்கு மருந்து செய்யத்தான் முக்கியமாக இராணிப்பேட்டையில் 1932இல் நிலையம் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தெரிந்தது 1995இல், அதே வட ஆற்காட்டில்தான். ஐஸ் பிளாஸ்கை டிவிஎஸ் 50இன் முன்னால் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஊசி போட்டவர்களில் நானும் ஒருத்தி. 2011இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய் அது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் யாரோ லட்டு வாங்கி வந்தார்கள், வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அதே கையால்தான் டைக்ளோபினாக்கும் போட்டேன். காய்ச்சல், வீக்கம், நொண்டல் எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் போய்க் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் மாட்டுக்குப் போடத் தடை வந்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கிற்று. மோயாறு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. தெரியாமல் செய்ததுதான், ஆனால் செய்தது நாங்கள்தான்.

கடைசியாக ஒன்று. மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். 1991, பணியில் சேர்ந்து இரண்டாவது வருடம். மூன்றாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு, கன்று போட்ட மறுநாள் ராத்திரி படுத்துவிட்டது. கழுத்தைத் திருப்பி விலாவில் வைத்திருந்தது, காது ஜில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. பால் சுரக்கிற வேகத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடுவதுதான் காரணம். 450 மில்லி கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மெதுவாக, கால் மணி நேரத்துக்குக் குறையாமல், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். கொட்டாயில் ஒரே ஒரு லாந்தர், சுற்றிலும் இருபது பேர், "சீக்கிரம் போடும்மா, மாடு போவுது" என்று ஒரே சத்தம். பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஸ்டெதாஸ்கோப் என் பையிலேயே இருந்தது. ஐந்து நிமிடத்தில் மாடு ஒரு தடவை உதறிற்று, இதயம் நின்றுவிட்டது. நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படிக்க வையுங்கள் தம்பி. ஆனால் கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு வாரம் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள், ஓரமாக.

பவானி பால்காரன்:

டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா எங்க கஷ்டத்தையும் யாராச்சும் சொல்லோணும். எட்டு உருப்படி வெச்சிருக்கறேன். ராத்திரி ஒரு மணிக்குக் கன்னு குறுக்கால நின்னா எந்த டாக்டருங்க போன் எடுக்கறாங்க? ஊசிக்காரர் ஒருத்தர் இருக்கறாரு, படிப்பு இல்ல, பத்து நிமிசத்துல வந்துருவாரு. நாங்க யாரைக் கூப்புடுவோம்? அந்தப் பாப்பா படிச்சு வந்து ராத்திரி போன் எடுத்தாச் சேத்துங்க, இல்லாட்டி வேண்டாமுங்க.

மாட்டாஸ்பத்திரி அம்மா:

பவானித் தம்பி, உங்கள் கோபம் நியாயம். நான் எடுக்காத போன்களும் உண்டு. இரண்டு பிள்ளைகள், ஒரு மருந்தகம், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஊர். இப்போது 1962 என்ற எண்ணுக்குப் போன் அடித்தால் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, எங்கள் காலத்தில் அதுவும் கிடையாது.

ஆனால் ஊசிக்காரர் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள். பத்து நிமிடத்தில் வருவார், கையில் இருக்கிற ஆன்டிபயாட்டிக்கை ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுப் போய்விடுவார். நோய் அரைகுறையாக நிற்கும், அடுத்த தடவை அந்த மருந்து கேட்காது. ஊசி போட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று அவர் உங்களிடம் என்றைக்காவது சொன்னாரா? கன்று குறுக்கே நின்றால் மட்டும் அவரைக் கை விட விடாதீர்கள். நாலு பேர் கயிறு கட்டி இழுத்துக் கர்ப்பப்பையே வெளியே வந்த மாடுகளைத் தைத்திருக்கிறேன்.

சின்னாளபட்டி தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரம்மா எழுதியதை ராத்திரி வீட்டில் சத்தமாகப் படித்தேன். மனைவி உதைக்கிற விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். ஒட்டி நின்றால் அடி குறைவு என்றதும் கொஞ்சம் சமாதானம்.

மகளை மூன்று நாளாக இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். முதல் நாள் ஓரமாக நின்றாள். நேற்று ஒரு கன்றுக்குட்டி கழிந்ததில் சுடிதார் பூராவும் நாசம். அங்கே இருக்கிற சார் சிரித்துக்கொண்டே, நாளைக்குப் பழைய துணி போட்டுக்கொண்டு வா பாப்பா என்றார். இன்றைக்கு என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பால் காய்ச்சல் மாட்டு வீட்டில் அப்புறமாவது உண்மையைச் சொன்னீர்களா என்கிறாள்.

மாட்டாஸ்பத்திரி அம்மா:

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள்.

உடனே சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. தாய் செத்த கிடேரிக் கன்றுக்குக் கழிச்சல். என்னை மன்னித்துக் கூப்பிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பக்கத்தில் வேறு டாக்டர் கிடையாது. போனேன். கண் உள்ளே போயிருந்தது, தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கரைத்து வேளாவேளைக்குப் புகட்டச் சொல்லிவிட்டு, நாலு நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். வீட்டம்மா கன்றைப் பிடித்துக்கொள்வார், என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். கன்று பிழைத்துக்கொண்டது.

அந்தக் கிடேரி வளர்ந்து கறவையாயிற்று. நான் பக்கத்து ஊருக்கு மாறியிருந்தேன். 1996இல் மூன்றாம் ஈத்து, கன்று போட்ட மறுநாள் ராத்திரி அதுவும் படுத்துவிட்டது. தாய் மாதிரியே. ஆள் அனுப்பினார்கள்.

பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டு வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன். ஆட்களை வெளியே நிற்கச் சொன்னேன். பாட்டிலை வீட்டம்மா பிடித்தார், மாட்டின் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்றேன். இடது காதும் வலது காதும் ஸ்டெதாஸ்கோப்பில், கை குழாயின் திருகில். துடிப்பு தப்பும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. முக்கால் பாட்டில் போன பிறகு வீட்டம்மா மெதுவாகக் கேட்டார்:

"அன்னிக்கு இப்பிடிப் போடலியேம்மா?"

"ஆமாம், போடல. வேகமா ஏத்திட்டேன். அதான் மாடு போச்சு" என்றேன்.

பாட்டில் ஒரு சாண் கீழே இறங்கிற்று, மறுபடி அதே உயரத்துக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் மாட்டுக்குத் தோல் சிலிர்த்தது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. அரை மணி நேரம் கழித்து முன்னங்காலை ஊன்றி எழுந்தது. அந்தம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று நான்தான் கேட்டேன். காலையிலேயே விழுந்துவிட்டது, வாழைக் கொல்லையில் புதைத்தாயிற்று என்றார்.